வார்டு மெம்பராகப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டு

2020 ஜனவரி 6ஆம் தேதி ஊராட்சி வார்டு உறுப்பினராக உறுதிமொழி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருவருக்குத் தெருவிளக்கு, ஒருவருக்குக் கால்வாய் அடைப்பு, ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை. ஐந்து வருடமும் வாசல் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் ஒருவர்கூட "என் பிள்ளை பள்ளிக்கூடம் போறதில்லை, வந்து பாருங்க" என்று வந்து நின்றதில்லை. விளக்கு எரியாவிட்டால் தெருவே பேசும். ஒரு பிள்ளை படிப்பை நிறுத்தினால் சத்தமே கேட்காது. அதனால் இந்த வேலையை நாமாகத் தேடிப் போகவேண்டும்.

எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்தது. அடுத்த தேர்தலில் நிற்கலாம் என்றிருக்கும் தம்பிகளும் தங்கைகளும் இப்போது வந்து, "அக்கா, ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும், எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாமே கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சியில் செய்து பார்த்தவை. பதவி இல்லாதவர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்துகொண்டு இதில் முக்கால்வாசியைச் செய்யலாம். பக்கத்துப் புதுச்சேரியில் 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. அங்கே இருப்பவர்கள் அந்தக் குழு வழியாகத்தான் தொடங்கவேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மண்ணில் இதற்கு முன்னோர்கள் உண்டு. சுவாமி சகஜானந்தர் ஆரணிப் பக்கம் பிறந்து சிதம்பரம் வந்தவர். 1916இல் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். சட்டமன்றம் போனதெல்லாம் அதற்குப் பிறகு. சிதம்பரம் ஓமக்குளத்தில் நந்தனார் பெயரில் இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்து இளையபெருமாள், பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்த மாணவர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகி, தீண்டாமையையும் பட்டியல் சாதியினரின் கல்வியையும் ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1969இல் அறிக்கை தந்தார். கடலூர் முதுநகர் அஞ்சலையம்மாள் சிறைக்குப் போனவர், 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்வானவர். பெண்ணாகக் கூட்டத்தில் உட்காரத் தயங்கும்போது நான் நினைத்துக்கொள்வது அவரைத்தான். மூன்று பேருக்கும் வேலை முதலில் வந்தது, பதவி பின்னால் வந்தது. நீங்களும் தேர்தல் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

நோட்டு போடுவது

இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். மூன்று வயது முதல் இருபத்தொரு வயது வரை அந்த வீட்டில் யார் யார் என்று எழுதுங்கள். பெயர், பிறந்த தேதி, வகுப்பு, பள்ளி, சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, ஆதாரில் பெயரும் தேதியும் பள்ளிப் பதிவோடு ஒத்துப்போகிறதா, கடைசியாகப் பள்ளிக்குப் போன நாள். அந்தக் கடைசிக் கட்டத்துக்காகத்தான் நோட்டே. மற்றதெல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும்.

என் வார்டில் நூற்றுச்சொச்சம் வீடுகள். தினமும் சாயங்காலம் பத்து வீடு போனால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். காலையில் போகாதீர்கள், வீட்டில் பெரியவர்கள் இருக்கமாட்டார்கள். எங்கள் பக்கம் முந்திரி வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போனவர்கள் திரும்பும் ஆறு மணிக்கு மேல் போவதுதான் சரி. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பட்டியல் அங்கன்வாடி டீச்சரிடம் இருக்கும், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் ஓரத்தில், ஏரிக்கரையில், செங்கல் சூளையில் இருக்கும் குடும்பங்களை விட்டுவிடாதீர்கள். வாக்காளர் பட்டியலில் இல்லாத வீட்டுப் பிள்ளைதான் பள்ளிப் பதிவேட்டிலும் பெரும்பாலும் இருக்காது.

நான் இதைக் கற்றுக்கொண்டது கொரோனா சமயத்தில். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை செப்டம்பரிலேயே திறந்துவிட்டார்கள். திறந்துவிட்டார்கள், பிள்ளைகள் போகிறார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் நோட்டோடு ஒரு வீட்டுக்குப் போனேன். "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டேன். "ஒம்பதாவது" என்றார் அம்மா. எழுதிக்கொண்டு கிளம்பப் போனேன். அந்தப் பெண் கதவோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்து, "கடைசியா எப்பம்மா ஸ்கூலுக்குப் போன?" என்று அவளிடமே கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். கையைக் காட்டச் சொன்னேன். பத்து விரலும் கறுத்து, கட்டைவிரல் ஓரம் தோல் உரிந்திருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் அந்தக் கொட்டையின் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கை அது. பதிவேட்டில் அவள் பெயர் இருந்தது. பள்ளி திறந்த நாளிலிருந்து அவள் ஒரு நாளும் போகவில்லை.

அன்றைக்கு வைத்துக்கொண்ட விதி இது: பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல் அந்தப் பக்கத்தை மூடக்கூடாது. "என்ன படிக்கிறான்" என்று கேட்டால் வகுப்பைச் சொல்வார்கள். "கடைசியாக எப்போது போனான்" என்று கேட்டால்தான் உண்மை வரும்.

இன்னொன்று. அந்த நோட்டில் ஊர்ப் பிள்ளைகளின் வாழ்க்கை இருக்கிறது. அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கட்சிக்காரர்களிடம் கொடுக்காதீர்கள். பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

தலைமையாசிரியரைப் பார்க்கப் போவது

தனியாகப் போங்கள். சால்வை வேண்டாம், ஆள் கூட்டம் வேண்டாம். மத்தியான உணவு முடிந்த நேரமாகப் பார்த்து, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். முதல் சந்திப்பில் குறை சொல்லாதீர்கள். நான் சொன்னேன். ஊரில் கேட்டதையெல்லாம் ஆசிரியர்கள் முன்னாலேயே அந்தத் தலைமையாசிரியையிடம் கேட்டுவிட்டேன். ஆறு மாதம் எங்களுக்குள் பேச்சு வார்த்தை சரியாக இல்லை. நஷ்டம் பிள்ளைகளுக்கு. பிறகு நானே போய் வருத்தம் சொன்னேன். அதன் பின் அவர்தான் என் நோட்டுக்குப் பாதித் தகவல் தந்தார்.

கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். தொடர்ந்து ஐந்து நாள் வராத பிள்ளைகள் யார்? எந்த வேலைக்கு ஆசிரியர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள்? ஊராட்சி என்ன செய்தால் உங்களுக்கு உதவி? இந்த மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை என்று அவர் பிறகு சொன்னார்.

பள்ளி மேலாண்மைக் குழு என்பது கல்வி உரிமைச் சட்டம் தந்த அமைப்பு. அந்தச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் தலைமை பெற்றோர் கையில்தான் இருக்கவேண்டும். மெம்பர் வந்தார் என்று நாற்காலியை உங்களுக்கு நகர்த்துவார்கள், உட்காராதீர்கள். அங்கே ஒரு தாய் பேசிப் பழகினால் அவர் பத்து வருடம் பேசுவார். நமக்கு ஐந்து வருடம்தான். பெண் உறுப்பினர்களுக்கு இதோடு ஒன்று: ஊராட்சிக் கூட்டமாக இருந்தாலும் பள்ளிக் கூட்டமாக இருந்தாலும் நீங்களே போங்கள், நீங்களே கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து விடட்டும், வாசலோடு போகட்டும்.

எந்த வேலை யார் கையில்

புதியவர்கள் அதிகம் அலைவது இதில்தான். எல்லாவற்றுக்கும் கலெக்டர் ஆபீஸ் என்று கிளம்பிவிடுகிறார்கள்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளிக் கட்டடங்கள் ஒன்றியத்தின் பொறுப்பு. கூரை, தரை, சமையற்கூடம் என்றால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம். அங்கே இரண்டு பி.டி.ஓ. உண்டு, வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர். மனுவை யாருக்கு எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் மேசை மாறி மேசை போய்க்கொண்டே இருக்கும். ஆசிரியர் பற்றாக்குறை, வகுப்பு, பாடம் என்றால் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கையிலேயே இருப்பதை மறந்துவிட்டு வெளியே அலைவதும் நடக்கிறது. தண்ணீர், பள்ளிக்குப் போகும் தெருவின் விளக்கு, வாசலில் தேங்கும் சாக்கடை, இவையெல்லாம் ஊராட்சியின் வேலை. எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குப் புதுக் கழிப்பறை கட்டினார்கள். எல்லோரும் போய் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஏழு மாதம் கழித்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உதடு வெடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "தண்ணி குடிச்சியா கண்ணு?" என்றேன். "வீட்டுக்குப் போய்தான் குடிப்பேன்" என்றாள். ஏன் என்று விசாரித்தால், கழிப்பறைக்குக் குழாய் இருக்கிறது, தண்ணீர் இணைப்பு இல்லை, அதனால் பூட்டு. பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிவிட்டார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து அறுபது மீட்டர் குழாய் போட்டால் முடிந்துபோகும் வேலை. ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் வைத்து அந்த மாதமே முடித்தோம். ஏழு மாதம் அதை நான் பார்க்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். நீங்கள் பள்ளிக்குப் போனால் முதலில் கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள், குழாயைத் திருகிப் பாருங்கள்.

மனு எழுதும்போது ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். "பள்ளிக் கட்டடம் மோசமான நிலையில் உள்ளது, ஆவன செய்யவும்" என்று எழுதினால் அது ஃபைலில்தான் இருக்கும். நான் எழுதியது இப்படி:

"3ஆம் வகுப்பு அறையின் வடமேற்கு மூலையில் கூரைப் பூச்சு உதிர்கிறது. அந்த அறையில் 22 பிள்ளைகள் படிக்கிறார்கள். மழை நாட்களில் அவர்களை 4ஆம் வகுப்போடு சேர்த்து உட்கார வைக்கிறார்கள். அறையின் படம் இணைத்துள்ளேன். ஒன்றியப் பொறியாளர் ஒருவர் வந்து பார்வையிட நாள் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். கட்டடம் கேட்கவில்லை, வந்து பார்க்க ஒரு நாள்தான் கேட்டிருக்கிறேன். அதை மறுப்பது யாருக்கும் கஷ்டம். வந்து பார்த்தவர் குறிப்பு எழுதாமல் போகமுடியாது. மனு கொடுத்த தேதியையும் பெற்ற எண்ணையும் நோட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கிராம சபையையும் பயன்படுத்துங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். பத்துத் தாய்மார்களோடு போய்ப் பள்ளி பற்றி ஒரு தீர்மானம் வையுங்கள், பதிவேட்டில் ஏறியதா என்று நின்று பாருங்கள். அதன் நகலை மனுவோடு இணைத்தால் மனுவுக்கு எடை கூடும்.

சான்றிதழ்கள்

கலந்தாய்வு நாளில் சான்றிதழ் இல்லாமல் அழுதுகொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: ஜனவரி, பிப்ரவரியிலேயே நோட்டை எடுத்து, பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகளின் பக்கங்களைப் பாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று மேலே போகும். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் ஓடுவார்கள், அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளை நிற்கக்கூடாது.

இருளர் குடும்பங்களுக்கு இது இன்னும் பெரிய பாடு. பழங்குடி சாதிச் சான்றிதழ் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர் தரவேண்டும். விசாரணை நடக்கும், நாள் ஆகும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சான்றிதழ் இல்லாத வீட்டில் மாதக்கணக்கிலும் ஆகும். அதனால் பிள்ளை ஐந்தாவது படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள். விசாரணைக்கு அதிகாரி வரும் நாளில் அந்தக் குடும்பம் வேலைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூலி போகும் என்பதால் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. சான்றிதழ் கைக்கு வரும்வரை கூடவே நில்லுங்கள். ஒரு மெம்பர் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

சேர்க்கை நேரத்தில் பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. இல்லை என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், எட்டாம் வகுப்பு வரை அது சட்டப்படி செல்லாது. இதைக் கோபமில்லாமல் எடுத்துச் சொல்லுங்கள், போதும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை

இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பிள்ளைகளுக்குத்தான் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே 1,000. இடையில் ஏழாவதோ எட்டாவதோ ஒரே ஒரு வருடம் ஆசைக்குத் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிச் சேர்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் அந்த வரிசை அறுந்துபோகும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் தனி விதி உண்டு.

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பாகூர், கிருமாம்பாக்கம், நெட்டப்பாக்கம் பக்கமெல்லாம் ஒரு தெரு நம்முடையது, அடுத்த தெரு புதுச்சேரியுடையது. பாட்டி வீடு அங்கே, வேலை இங்கே என்று பிள்ளையைப் பள்ளி மாற்றுவது சாதாரணமாக நடக்கிறது. 7.5 சதவீதத்துக்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். அந்த ஓரத்து ஊர்களில் மெம்பராக இருப்பவர்கள், டி.சி. வாங்கும் முன்பே இதைப் பெற்றோர் காதில் போட்டுவிடுங்கள். மாற்றக்கூடாது என்று சொல்ல வேண்டாம். தெரிந்து மாற்றட்டும்.

எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு. வென்றால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய், மொத்தம் 48,000. மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். மனத்திறன் பகுதியை முன்பின் பார்த்திராததால்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பழைய கேள்வித்தாள்களை நகல் எடுத்துக் கொடுத்து, கல்லூரி படிக்கும் அண்ணன், அக்கா யாரையாவது சனிக்கிழமைகளில் உட்கார வைத்தால் வித்தியாசம் தெரியும். ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு, அதையும் விடவேண்டாம்.

நின்றுபோன பிள்ளையைக் கூட்டி வருவது

மறுபடி அந்த முந்திரி உடைத்த பெண்ணிடம் வருகிறேன்.

முதல் நாள் அறிவுரை சொன்னேன், பலிக்கவில்லை. இரண்டாம் நாள் அம்மாவோடு உட்கார்ந்து நானும் கொஞ்சம் கொட்டை உடைத்தேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கைமாற்றாக வாங்கிய பணத்துக்கு வேலை செய்து கழிக்கிறார்கள். பெண்ணின் கூலி போனால் வட்டி நிற்கும். கடன் கொடுத்தவரிடம் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசித் தவணை வாங்கினோம். அம்மாவை மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்த்துவிட்டோம். 2022 பிப்ரவரியில் அவள் பள்ளிக்குத் திரும்பினாள். தலைமையாசிரியை அன்றைக்கு அவளிடம் எதுவும் கேட்கவில்லை, புத்தகத்தை மட்டும் கொடுத்தார். அதையும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். திரும்பி வந்த பிள்ளையை வகுப்பில் எழுப்பி, "இத்தனை நாள் எங்கே போனாய்" என்று கேட்டால் மறுநாள் வரமாட்டாள்.

ஒரு பிள்ளை நிற்பதற்குக் காரணம் வீட்டுக்கு வீடு வேறு. கடற்கரை ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் பள்ளி திறக்கிறது. தேவனாம்பட்டினம் பக்கம் இதையெல்லாம் பார்க்கும் தோழி ஒருத்தி, சேர்க்கைக்கான ஓட்டத்தை மார்ச்சிலேயே முடித்துவிடுகிறாள். எங்கள் பக்கம் பலாவும் முந்திரியும் முடியும்வரை ஜூன் மாதத்தில் பிள்ளைகள் தோப்பில் இருப்பார்கள். உங்கள் ஊரில் எந்த மாதம் எந்த வேலை என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வருகைப் பதிவேட்டில் இருக்கும் ஓட்டைகள் அதோடு பொருந்திப்போவதைப் பார்ப்பீர்கள்.

பத்தாவது ரிசல்ட் வரும் நாளில் ஊரில் இருங்கள், எங்கும் போகாதீர்கள். பாஸானவர்கள் வீட்டுக்கு அப்புறம் போகலாம், முதலில் தவறியவர்கள் வீடு. 2023 மே மாதம் இந்தப் பெண் கணக்கில் தவறினாள். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"ஃபெயிலாயிட்டா மெம்பரே. இனிமே எதுக்கு. மாமன் வூட்ல கேக்குறாங்க."

"எத்தினி பாடம் போச்சு?"

"கணக்கு மட்டும்தான்."

"அந்த ஒண்ணை எழுதறதுக்கு உடனே துணைத் தேர்வு வெக்கிறாங்க. பாஸ் பண்ணிட்டா இந்த வருசமே பதினொண்ணாவது சேரலாம். ஒரு வருசமும் வீணாவாது."

அவருக்கு அது தெரியாது. ஒரு வருடம் திரும்ப முழுக்கப் படிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் முக்கால்வாசி அப்பாக்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு, மறுநாளே பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

கல்யாணப் பேச்சு பதினெட்டு வயதுக்கு முன்னால் வந்தால் முதலில் வீட்டில் பேசிப் பாருங்கள். நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் தாமதிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். ஓட்டு போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். என்னையும் பயமுறுத்தினார்கள். சொன்னவர் பெயரை வெளியில் விடமாட்டார்கள், ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தயாராகவே இருங்கள். தூரத்து மேல்நிலைப் பள்ளிதான் பிரச்சினை என்றால் அரசு விடுதி இருக்கிறது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இத்தனை கிலோமீட்டர் இருக்கவேண்டும் என்ற விதி பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் மாணவிகளுக்குக் கிடையாது.

பூட்டிக் கிடக்கும் நூலகம்

அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் அநேகமாக உங்கள் ஊரிலும் இருக்கும், பூட்டியபடி. சாவி யாரிடம் என்று கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய்த் தூசி தட்டுங்கள், கரையான் அரித்ததை ஒதுக்குங்கள். ஒரு விளக்கு, இரண்டு பாய், தண்ணீர்க் குடம். சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை திறந்திருந்தால் போதும். டிவி சத்தமும் இடமின்மையும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊரில் வேறு இடம் கிடையாது.

மழைக்காலம்

கடலூரில் இருந்துகொண்டு இதை எழுதாமல் விடமுடியாது. 2011 தானே புயல், 2015 மழை, 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம். ஒவ்வொரு முறையும் வீட்டோடு மார்க் ஷீட்டும் சான்றிதழும் போயின. அக்டோபர் முதல் வாரத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள்: எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண் மேல் வையுங்கள், செல்போனில் படம் எடுத்து உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பள்ளிதான் முகாமாகவும் ஆகும். முகாம் முடிந்த மறுநாளே வகுப்பறைகளைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொடுப்பது ஊராட்சியின் கடமை. புத்தகம் நனைந்துபோன பிள்ளைகளின் பட்டியலை அன்றே எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.

பணம்

பள்ளிக்காக யார் எவ்வளவு கொடுத்தாலும் உங்கள் கையில் வாங்காதீர்கள். குழுவின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், ரசீது வாங்கச் சொல்லுங்கள். வெளியூரில் நன்றாக இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கு, அரசுப் பள்ளிக்கு நன்கொடை தருவதற்கான "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தைச் சொல்லலாம். சுவரில் பெயர் எழுதுவது பற்றிச் சண்டை வந்தால் உங்கள் பெயரை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

முடிக்கும்போது

வார்டுகள் சுழற்சியில் மாறும். இப்போது பெண்களுக்கு, அப்புறம் பொதுவுக்கு, அப்புறம் வேறு பிரிவுக்கு. மறுபடி நிற்க உங்களுக்கு வாய்ப்பே இல்லாமல் போகலாம். அதனால் பதவி முடிவதற்கு ஒரு மாதம் முன்பாகவே நோட்டைப் பார்த்துப் புதிதாக எழுதி, ஒரு பிரதியைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியிடம் கொடுங்கள். அடுத்து வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் பத்து வீட்டுக்காவது போய் வாருங்கள்.

என் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 2025 ஜூனில் அதில் ஒரு வரி எழுதினேன். அவள் பெயருக்கு நேரே, வகுப்பு என்ற கட்டத்தில் "பி.காம். முதல் வருடம்", பள்ளி என்ற கட்டத்தில் "பெரியார் அரசு கலைக் கல்லூரி, கடலூர்". கடைசியாகப் போன நாள் என்ற கட்டத்தை நிரப்ப அவள் வீட்டுக்குப் போனேன். அவள் இல்லை, பஸ் இன்னும் வரவில்லை என்றார் அம்மா. திண்ணையில் உட்கார்ந்து அவள் வரும்வரை இருந்து, பார்த்துவிட்டு, அன்றைய தேதியை எழுதினேன்.